உயிரோடிருந்த மாமாவுக்குக் கோடி வேட்டி

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீரையா மாமா தேயிலைத் தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டியிருந்தார். ஒரு கன்னம் முடிந்துவிட்டது. மறு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

அப்போது கீழே தேயிலை மலைக்குள்ளிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது. நாலைந்து பெண்கள் தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி வந்தார்கள். பின்னால் இரண்டு ஆண்கள். அதில் ஒருவரின் கக்கத்தில் பழுப்புத் தாள் சுற்றிய பொட்டலம்.

மாமா சவரக்கத்தியும் கையுமாக வாசலை விட்டு இறங்கினார்.

"யாருங்க செத்தது? நமக்குச் சேதியே வரலியே!"

முன்னால் வந்தவர் மடுல்சீமைப் பெரியம்மா. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அக்கா. "என் தம்பி வீரையா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று ராகம் இழுத்து வந்தவர், எதிரே பாதி நுரையோடு நின்ற தம்பியைப் பார்த்தார். ராகம் பாதியில் அறுந்தது.

"அட பாவிப்பயலே! நீ சாகலியா?"

கேட்ட விதத்தில், அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தது வீணாகப் போன வருத்தமும் கொஞ்சம் இருந்தது.

அடுத்த அறையான எங்கள் காம்பிராவிலிருந்து அம்மா ஓடி வந்தார். "என்னா அக்கா இது, வெள்ளிக்கிழம வெளக்கு வச்ச வீட்டுல? யாரு இப்புடிச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? அதான் பேப்பர்ல போட்டிருக்கே. ஒன் மவதான போட்டிருக்கா!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். வேறு எங்கே போவது?

தகவல்: மருமகள்

அதற்கு முந்திய ஞாயிறுதான் கொழும்புப் பத்திரிகை ஒன்றில் என் முதல் கதை அச்சாகியிருந்தது. 'ரதிக்கு யார் அழுவது' என்று தலைப்பு.

எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். தவம் கலைத்த காமனைச் சிவன் எரித்துவிடுவார். காமனின் பெண்டாட்டி ரதி அழுது புரண்டு புலம்புவாள். மூன்றாம் நாள் காமனை உயிர் எழுப்புவார்கள். இந்த ரதி வேஷம் வருடா வருடம் எங்கள் வீரையா மாமாவுக்குத்தான். பகலெல்லாம் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் கொழுந்து வாட்டுகிற மனிதர், அத்தையின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அழ ஆரம்பித்தால், லயத்துப் பெண்கள் ஒருவர்கூட உலர்ந்த கண்ணோடு வீட்டுக்குப் போனதில்லை. கிட்டே போனால் அந்தச் சேலையிலும் வாட்டிய கொழுந்து வாசம் அடிக்கும்.

என் கதையில் வீரன் என்று ஒருவன். ரதி வேஷக்காரன். ஊருக்கெல்லாம் அழுதவன் ஒருநாள் செத்துப் போகிறான். அவ்வளவுதான் கதை. இதை எழுதும்போது, பெரிய இலக்கியம் படைப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

மடுல்சீமையில் கடைக்காரர் ஒருவர், நாட்கள் பிந்தி வந்து சேருகிற ஞாயிறு பேப்பரை அன்றைய பேப்பர் போலவே சத்தமாக வாசிப்பாராம். அவர் வாசிப்பதில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பது மரண அறிவித்தல்கள்தான். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு தோட்டத்தில் சிதறிக் கிடக்கையில், சாவுச் சேதி சேருவதற்கு அது ஒரு வழி. அந்த அறிவித்தல்களின் அடியில் 'தகவல்: மகன்', 'தகவல்: மருமகள்' என்று பெயரும் ஊரும் போடுவார்கள். என் கதையின் அடியிலும் பத்திரிகைக்காரர்கள் 'சரஸ்வதி, ஸ்பிரிங்வெளி' என்று போட்டிருந்தார்கள்.

"கதைங்க பெரியம்மா. நானா யோசிச்சு எழுதுனது. நடக்கல" என்றேன்.

"கதைன்னா ராசா ராணி கத. இது என்னா புள்ள கத? ஸ்பிரிங்வெளிங்கிற, வீரங்கிற, ரதி வேசங்கிற. தாவாக்கட்டையில மச்சத்தக்கூட விடாம எழுதியிருக்கியே! நடக்காததையா பேப்பர்ல போடுவான்?"

இத்தனை வருடமாக நான் சந்தித்த விமர்சகர்களில் பெரியம்மாவைப் போல என்னை மடக்கியவர் யாருமில்லை.

மாமாதான் முதலில் சிரித்தார். "விடுக்கா. செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. மருமவ எனக்கு ஆயுசு எழுதிக் குடுத்திருக்கா" என்றார். பெரியம்மா அவரைக் கட்டிக்கொண்டு, நுரையெல்லாம் தன் தோளில் ஒட்ட, இந்தத் தடவை ராகம் இல்லாமல் அழுதார். துக்கத்துக்கு வந்தவர்கள் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்று, சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆனால் அந்தப் பொட்டலம் வாசலிலேயே கிடந்தது. பதுளை டவுனில் இறங்கி, ஹாஜியார் கடையில் வாங்கிய புது வேட்டி. பிணத்துக்குப் போர்த்துகிற கோடி. துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று பெரியம்மா வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தை அதை அப்போதுதான் பார்த்தார்.

"தாலியோட நிக்கிறேன். என் வாசல்ல கோடிய எறக்க வச்சிட்டாளே" என்றார். ஒரு குச்சியால் பொட்டலத்தைத் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுபோய், தகரப் பெட்டியின் அடியில் போட்டு மூடினார்.

தடித்த உறைகள்

அந்தக் கதை அச்சேறியதே பெரிய கதை. அதற்கு முன்பு அது மூன்று பத்திரிகைகளுக்குப் போய் மூன்று முறையும் பத்திரமாகத் திரும்பியிருந்தது. ஒருவர் இடமில்லை என்றார். ஒருவர் பேச்செல்லாம் கொச்சையாக இருக்கிறது, திருத்தி எழுதுக என்றார். மூன்றாமவர், தோட்டத்துக் கதை என்றால் போராட்டம் வேண்டும், கூத்தாடி எதற்கு என்று கேட்டிருந்தார். மூன்று பேர் சொன்னதையும் கேட்டிருந்தால் கதையில் என் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

திரும்பி வருவதில் இன்னொரு சங்கடம் இருந்தது. தோட்டத்துத் தபால்காரர் பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிடுவார். தடித்த உறை வந்தால் அது குடும்பத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற அரசாங்கக் கடுதாசி என்பது அந்தக் காலத்து அர்த்தம். வாரம் ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. 'சரஸ்வதி' என்று அவர் தடித்த உறையை நீட்டும்போதெல்லாம் கூடையோடு நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"எப்ப புள்ள கப்பல்?" என்று ஒரு அக்கா கண் கலங்கிக் கேட்டார்.

"கப்பல் இல்லக்கா. கத திரும்பி வந்திருக்கு."

"அப்பாடி! திரும்பியே வரட்டும் தாயி" என்று அவர் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். கதை திரும்பி வந்ததற்காக என்னை வாழ்த்திய ஒரே ஆள் அவர்தான். பிறகு அவரே ஒருநாள் கப்பலேறிப் போனார். அதை எழுதினால் இந்த அத்தியாயம் வேறு பக்கம் போய்விடும்.

நான் எழுதியதை முதலில் காது கொடுத்துக் கேட்டது பதுளையில் எங்கள் சிறிய இலக்கிய வட்டம். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினங்களில் ஹாஜியாரின் துணிக்கடை மாடியில் கூடுவோம். துணி பேல் கட்டுகள்தான் ஆசனம். புதுத் துணியின் கஞ்சி வாசனைக்கு நடுவில் கதை வாசிப்போம். வட்டத்தின் செயலாளர் ஒரு தமிழாசிரியர். கதை நன்றாக இருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், மோசமாக இருந்தால் தொண்டையைக் கனைப்பார். ஹாஜியார் கதை எதுவும் எழுதியவரில்லை. கீழேயிருந்து இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தனுப்புவார். வியாபாரம் மந்தமாக இருந்தால் தானும் படியேறி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்து கேட்பார்.

வீரன் செத்துப்போகிற இடத்தை நான் வாசித்தபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். ஹாஜியார் எழுந்து கீழே போய்விட்டார். பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். கடைக் கணக்கப்பிள்ளை பிறகு சொன்னார், முதலாளி கல்லாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாராம்.

வேஷம் கலைந்தது

கோடி வந்த கதை ஸ்பிரிங்வெளியில் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. அது பூனாகலைத் தோட்டம் வரைக்கும் போய்விட்டது.

அடுத்த மாசியில் மாமா வழக்கம்போல் சேலை கட்டிப் பொட்டலுக்கு வந்தார். காமன் எரிந்தான். ரதி தலையை விரித்துக்கொண்டு முதல் அடியை எடுத்தாள். கூட்டத்தின் பின்னாலிருந்து எவனோ ஒருவன், "ஏய், செத்த ரதி வந்துருச்சிடோய்!" என்று கத்தினான். ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா இரண்டாம் அடியை எடுக்கவில்லை. பொட்டலின் நடுவில் சற்று நேரம் நின்றார். பிறகு சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சவுரி முடியைக் கழற்றாமலே லயத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா..."

"போ சரசு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் ரதி வேஷம் கட்டவில்லை. என்னோடு பேசவும் இல்லை. காது குத்தும்போது என்னை மடியில் வைத்திருந்தவர். நான் பெரியவளானபோது தென்னங்கீற்றில் குச்சில் கட்டிக் கொடுத்தவர். பாதையில் எதிரே வந்தால் தேயிலைக்குள் இறங்கிப் போனார். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று இப்போது எழுதும்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை. எழுதத் தெரிந்தவள் என்று பெயர்.

என் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சீர் வந்தது. தட்டைத் தூக்கி வந்தவர் அத்தை. மாமா வரவில்லை. "தாய்மாமன் நிக்காத பந்தல்ல ஒக்காந்திருக்கியே புள்ள" என்று அம்மா என் தலையில் பூ வைத்துக்கொண்டே அழுதார். என் வீட்டுக்காரர் பண்டாரவளைக்காரர், ஆசிரியர். என்ன ஏது என்று விசாரித்தார். விவரம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நம்மளப் பத்தி மட்டும் எழுதிடாத" என்றார்.

அம்மா செய்த திருத்தம்

சில வருடங்கள் போயின. கதைகள் ஒரு புத்தகத்துக்கு ஆகும் அளவு சேர்ந்தன. அச்சுத் தாள் கிடைப்பதே அரிதாக இருந்த நேரம். ஹாஜியார் எங்கோ பேசித் தாளுக்கு வழி பண்ணினார். 'ரதிக்கு யார் அழுவது' என்றே புத்தகத்துக்கும் பெயர் வைத்தோம்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன்பு அம்மா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

"அந்தக் கதையும் இருக்கா இதுல?"

"இருக்குங்கம்மா. அதான் முதல் கத."

"அவன் செத்தது செத்தபடியேதான் கெடக்குறானா?"

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"எழுப்பி விடு புள்ள. நீதான கொன்ன, ஒனக்கு எழுப்ப முடியாதா? இத்தன பேரு படிக்கிற பொஸ்தகத்துல எந்தம்பி செத்துக் கெடந்தா அவன் எப்புடி என் வீட்டுப்படி ஏறுவான்?"

ஒரு பின்னேரம் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை மாற்றினேன். பெண்கள் சுற்றியிருந்து அழுகிறார்கள். வீரன் மயக்கம் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, 'என்னா சத்தம்? ஒரு சாயத்தண்ணி ஊத்துங்க' என்று பால் சேர்க்காத தேத்தண்ணி கேட்கிறான். தமிழாசிரியர் வாசித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். மூன்று முறை கனைத்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அப்போது வேண்டியிருந்தது நல்ல முடிவு இல்லை, மாமாதான்.

வெளியீட்டு விழாவுக்கு ஆள் அழைக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். அழைப்பிதழை யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, லயம் லயமாகப் போய், "நம்ம சரசுக்கு விசேசம், வந்துருங்க" என்று அழைத்தார். தம்பி வீட்டுக்கும் போனார். மாமா வெற்றிலையை எடுத்துக்கொண்டாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

முதல் பிரதி

விழா நடந்தது பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வழக்கமாக எங்கள் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் முன்வரிசைக்குக்கூடக் காணாது. அன்று மண்டபம் கொள்ளவில்லை. அம்மா வெற்றிலை வைத்து அழைத்த அத்தனை பேரும், விசேஷத்துக்கு வருகிற மாதிரியே, தேங்காய் பழத் தட்டோடு வந்துவிட்டார்கள். தலைமை தாங்க வந்த வேறொரு பள்ளிக்கூடத்தின் அதிபர், வேறு மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசல் பலகையை இரண்டாம் முறை பார்த்தார். தட்டுகளை வைக்க இடமில்லாமல் மேடை மேசையிலேயே அடுக்கினார்கள். புத்தகக் கட்டு வாழைப்பழத்துக்குப் பின்னால் மறைந்தது.

நான் பேச்சு எதையும் கேட்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்படியே.

எங்கள் பக்கத்துப் புத்தக வெளியீடுகளில் முதல் பிரதி வாங்குவது பெரிய மரியாதை. அதை ஹாஜியாருக்கு என்று வைத்திருந்தோம். தமிழாசிரியர் ஒலிவாங்கியில் அவர் பெயரைச் சொன்னார். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார். அதிபர் புத்தகத்தை நீட்டினார். வாங்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் மாமா நின்றார். கையில் சீர்த் தட்டு. பக்கத்தில் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மாமா இடுப்பில் மடிப்புக் கலையாத புது வேட்டி. மடிப்பு ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"அது எங்கட கடை வேட்டியெல்லோ" என்றார் ஹாஜியார், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபடியே.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அடப்பாவி! அந்தக் கோடியவா கட்டிட்டு வந்த?" என்று கத்தியதில் மண்டபம் முழுக்கத் திரும்பியது.

"அதேதான்க்கா" என்றார் மாமா. "எனக்குன்னு வந்தது. நான் கட்டாம வேற யாரு கட்டுறது? பொட்டியில வச்சு பூச்சிக்குக் குடுக்கவா?"

"எவ்வளவு சொல்லியும் கேக்கல" என்றார் அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆனால் அந்த வேட்டியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பியது அவர்தான். மேடைக்குக் கிட்டே வந்தபோது பார்த்தேன்.

ஹாஜியார் ஒதுங்கி நின்றார். "தாய்மாமன் வந்திரிக்கிறப்ப முதல் பிரதி எனக்கு என்னத்துக்கு? அவர் எடுக்கட்டும். நான் ரெண்டாவது எடுக்கிறன்."

மாமாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். தன் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். தட்டோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். என் கல்யாணத்தில் நடக்காதது அங்கே நடந்தது. நான் காலில் விழுந்தேன். எழும்ப முடியாமல் அழுதேன்.

"எந்திரி புள்ள, பெரிய மனுசங்கள்லாம் பாக்குறாங்க" என்றார் மாமா. என்னோடு அவர் பேசி அத்தனை வருடமாகியிருந்தது.

எரித்த பிறகு எழுப்புவது

விழா முடிவில் தமிழாசிரியர் அந்தக் கதையை வாசித்தார். மாமா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து கேட்டார். வீரன் எழுந்து சாயத்தண்ணி கேட்ட இடத்தில் தோட்டத்து ஆட்கள் கைதட்டினார்கள். மாமா மட்டும் தட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்கு நின்றோம். மழை தூறியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சரசு, மொத பேப்பர்ல வந்தப்ப அவன் செத்துல்ல போனான்?"

"ஆமாங்க மாமா."

"இப்ப எந்திரிச்சு தேத்தண்ணி கேக்குறான்."

"உங்களுக்காகத்தான் மாமா மாத்துனேன்."

"நல்லா மாத்துன, போ! நான் சாவுக்குத் துணிஞ்சு கோடியக் கட்டிட்டு வந்தா, நீ என்னைய உசுரோட வச்சிருக்க." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னார். "எரிச்சதுக்கப்புறந்தான புள்ள எழுப்பணும்? எரிக்காமயே எழுப்புனா ரதி எதுக்கு அழுவா? அடுத்த வாட்டி அச்சுப் போடுறப்ப என்னையக் கொன்னுடு."

"வாயக் கழுவுங்க" என்றார் அத்தை.

அடுத்து வந்த மாசியில் மாமா மறுபடியும் அத்தையின் கல்யாணச் சேலையைக் கட்டினார். 'செத்த ரதி' என்று பின்னாலிருந்து எவனோ ஒருவன் கத்தத்தான் செய்தான். மாமா அவன் பக்கம் திரும்பி, ரதியாகவே நின்று, ஒரு அழுகை அழுதார். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு நெடுநாள் பிடித்தது. அதற்குள் மாமா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. மடுல்சீமைப் பெரியம்மா வந்தார். இந்தத் தடவை வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாய்விட்டு அழுதார். ரதிக்கு யார் அழுவது என்று நான் கேட்டதற்கு அன்று ஸ்பிரிங்வெளி முழுவதும் பதில் சொன்னது.

இரண்டாம் பதிப்பின் அச்சுத் தாள்கள் பிழை பார்க்க வந்தபோது தமிழாசிரியர் நினைவூட்டினார். "பழைய முடிவைப் போடுவோமா? மாமாவே சொன்னதுதானே?"

பேனாவோடு அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தேன். மாமா கேட்டது நினைவிருந்தது. கை வரவில்லை. எரித்த பிறகுதான் எழுப்ப வேண்டும் என்றல்லவா சொன்னார்? இப்போது அந்த வரிசை சரியாகிவிட்டது.

ஆகவே நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. சுற்றி நின்று எல்லோரும் அழுகிறார்கள். வீரன் எழுந்து உட்கார்ந்து ஒரு சாயத்தண்ணி கேட்கிறான்.